திருமுதுகுன்றத்தின் களப்பிரர் காலம்

தமிழக வரலாற்றின் நடுவில், ஏறக்குறைய கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரை, களப்பிரர் காலம் என்று ஒரு பகுதி வரும். சான்றுகள் சொற்பமாகக் கிடைத்ததால் அதற்கு 'இருண்ட காலம்' என்று பெயர் வைத்துவிட்டு வாத்தியார்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். அப்படியொன்றும் இருட்டில்லை என்று பின்னால் வந்தவர்கள் மல்லுக்கு நிற்பது தனிக்கதை.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு களப்பிரர் காலம் உண்டு. 2006-இல் தொடங்கி 2011-இல் முடிந்தது. களப்பிரர்களுக்காவது பதிவு செய்து வைக்கும் பழக்கம் குறைவு என்று சமாதானம் சொல்லலாம். நாங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தோம். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைக் கயிறு கட்டித் தூக்கியது என்று ஒன்று பாக்கியில்லை. அத்தனையும் எட்டு சென்டிமீட்டர் டிவிடி தட்டுகளில் முறுக்கு டின் ஒன்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. பார்க்கத்தான் முடியாது.

இத்தனைக்கும் எழுதி வைப்பதில், திருமுதுகுன்றம் என்ற பழைய பெயருள்ள எங்கள் விருத்தாசலம் கத்துக்குட்டி ஊர் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி இங்கே பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எடுத்துக் கட்டினார். சோழர் காலத்துத் தானக் கணக்குகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் போதும், எழுத்துத் தெரிந்தவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். 'டிஸ்க் எர்ரர்' என்று எந்தச் சுவரும் சொன்னதில்லை.

டிவிடி கேமரா காலத்துக்கு முந்தையது ஹாலஜன் காலம். தோளில் பானசோனிக் எம் 9000 வைத்துக்கொண்டு வீடியோக்காரர் வருவார். அவருக்குப் பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டு ஒரு லைட் பையன். அந்த விளக்கு முகத்தில் பட்டால் பந்தியில் உட்கார்ந்தவன் சாம்பாரில் விட்ட கையை எடுக்காமல் கண்ணை மூடிக்கொள்வான். எண்பது, தொண்ணூறுகளின் எல்லாக் கல்யாண வீடியோவிலும் நம் சொந்தக்காரர்கள் தூங்கிக்கொண்டே சாப்பிடுவது இதனால்தான். பிறகு மிக்ஸிங். மணமக்கள் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வெளியே வருவார்கள். மங்கலம்பேட்டையைத் தாண்டிப் போகாத ஜோடி தாஜ்மகாலுக்கு முன்னால் நின்று சிரிக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: ஒரு கேசட்டில் மூன்று மணி நேரம் ஓடும். முகூர்த்தம், பந்தி, மொய் எழுதும்போது வந்த தகராறு எல்லாம் ஒரே கேசட்டில் அடங்கிவிடும்.

அங்கிருந்துதான் மனிதகுலம் அரைமணி நேரத் தட்டுக்கு முன்னேறியது.

டிவிடியில் நேராகப் படம்பிடிக்கும் கேமராவை முதலில் கொண்டுவந்தது ஹிட்டாச்சி, 2000-இல். பிறகு பானசோனிக், சோனி, கேனன் எல்லோரும் இறங்கினார்கள். யோசனை என்னவோ நல்ல யோசனை. கேசட்டை ரீவைண்ட் செய்ய வேண்டாம், கம்ப்யூட்டரில் ஏற்றி டிவிடியாக மாற்ற வேண்டாம். கேமராவிலிருந்து எடுத்தோமா, பிளேயரில் போட்டோமா என்று முடிந்துவிடும். ஆனால் சாதாரண டிவிடி 12 சென்டிமீட்டர். அது உள்ளே சுழல்கிற மாதிரி கேமரா செய்தால் தோளில் தூக்க ஆள் வேண்டும். அதனால் எட்டு சென்டிமீட்டராகக் குறுக்கினார்கள். பெரிய தட்டில் 4.7 ஜிபி, சின்னத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 1.4 ஜிபி. நல்ல தரத்தில் எடுத்தால் 20 நிமிஷம், நடுத்தரத்தில் 30, மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்தால் 60.

விருத்தாசலத்துக்கு அந்தக் கேமரா சின்ன மாமாவோடு சிங்கப்பூரிலிருந்து வந்தது. 2006-இன் தொடக்கம். பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், பூப்போட்ட கம்பளிக்கு நடுவில் அது குழந்தைபோலப் படுத்திருந்தது. மாமா விலையைச் சொன்னதும் ஆயா, "இந்தக் காசுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கியிருக்கலாமேடா" என்றாள். மாடு இரண்டு வேளை கறக்கும், கேமரா என்ன செய்யும் என்பது அவள் கேள்வி. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கேமராவின் முதல் பெரிய சோதனை அக்காவின் கல்யாணம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் முகூர்த்தம். அந்தக் கோயிலைத் தெரியாதவர்களுக்கு: விருத்தாசலத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. முருகன் அங்கே தாலுகா ஆபீஸ் நடத்துகிறார். களவு போனது, கடன் திரும்பாதது, கணவன் பேசாதது எதுவானாலும் வெள்ளைத்தாளில் மனு எழுதி, கட்டணம் செலுத்தி, பிராது கட்டிவிட்டு வந்தால் விசாரித்துத் தீர்ப்பார் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும் திரும்பப் போய் 'ராஜினாமா' கொடுத்து வழக்கை வாபஸ் வாங்கவும் வேண்டும். இவ்வளவு ஒழுங்கான நிர்வாகத்தைச் சாமிதான் நடத்தமுடியும்.

நல்ல முகூர்த்த நாள். கோயில் முழுக்க மாப்பிள்ளைகள். ஒரே மாதிரி பட்டுவேட்டி, ஒரே மாதிரி மாலை. மாமா அதிகாலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்: வாழைமரம், வாழைமரத்தின் கீழ் நின்ற ஆடு, பெரியப்பா ஷேவிங் செய்வது, மறுபடியும் வாழைமரம். கலையார்வம் பொங்கியதால் எல்லாம் உயர்ந்த தரத்தில். ஐயர் "கெட்டிமேளம்" என்று கையைத் தூக்கிய நொடியில் திரையில் 'டிஸ்க் ஃபுல்' என்று எழுத்து வந்தது.

"மாப்ள, ஒரு நிமிஷம்" என்றார் மாமா. தாலியும் கையுமாக மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்து நிறுத்தினார். "முகூர்த்தம் நிக்குமாய்யா?" என்று ஐயர் கத்த, தாலி ஏறியது. மாமா மூடியைத் திறந்து, பழைய தட்டை எடுத்து, புதியதைப் போட்டு மூடினார். அந்தக் கேமரா எந்தத் தட்டையும் எடுத்தவுடன் நம்பாது. சுற்றிப் பார்க்கும், தடவிப் பார்க்கும், யோசிக்கும். அது சம்மதித்துப் பச்சைவிளக்குக் காட்டியபோது மாமா நிமிர்ந்து எதிரே பட்ட மணமேடையைப் பிடிக்க ஆரம்பித்தார். அற்புதமான ஷாட். மாலைக்கு நடுவே தாலிக்கயிறு, பெண்ணின் கண்ணில் நீர், மேலிருந்து அட்சதை. என்ன, அது வேறு யாரோ வீட்டுக் கல்யாணம்.

அன்று ராத்திரி மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றையும் டிவியில் செருகிப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் போன போக்கைப் பார்த்த மாமா, "நாளைக்கு இன்னொரு தபா கட்டச் சொல்லி எடுத்துக்கலாம்" என்றார். அத்தைக்கு வந்ததே கோபம். "தாலி என்னா டேக்கா, ரெண்டு தரம் கட்ட?"

மாமா அசரவில்லை. இந்த ஊரில் தெய்வமே ரீடேக் கேட்டிருக்கிறது என்றார். கேட்டிருக்கிறதுதான். திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கிய குரு நமசிவாயர், பசி தாளாமல் பெரியநாயகியைக் 'கிழத்தி' என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினார். அம்மன் தோன்றி, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும், மாற்றிப் பாடு என்று சொல்லிவிட்டாள். அவர் இளையவளாக்கிப் பாடினார்; இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாள். கோயிலில் பாலாம்பிகைக்குத் தனிச் சன்னதியே இருக்கிறது. டேக் ஒன்று, டேக் இரண்டு, சோறு. அத்தை இந்த வாதத்தை ஏற்கவில்லை. மாமாவுக்கு அன்று சோறும் கிடைக்கவில்லை.

அந்த வருஷமே தேர்தல். முந்தைய ஆண்டுதான் மதுரையில் தேமுதிக கட்சியைத் தொடங்கியிருந்த 'கேப்டன்' விஜயகாந்த், போட்டியிட விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுத்தார். 2006 மே 8 வாக்குப்பதிவு. மற்ற இடங்களில் நின்ற தேமுதிக வேட்பாளர்கள் எல்லோரும் தோற்க, கேப்டன் மட்டும் ஜெயித்தார். ஊர் ஒரேயடியாகச் செய்திக்கு வந்தது. பாலக்கரையில் அவர் பிரசார வேன் வருகிறது என்றதும் மாமா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெற்றுத்தட்டு தீர்ந்திருந்தது. விலையும் கொஞ்சநஞ்சமில்லை: அடுத்த ஆண்டே மோசர் பேயர் முழுப்படத்தை விசிடியில் 28 ரூபாய்க்கும் டிவிடியில் 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது, ஒன்றுமே இல்லாத இந்தக் குட்டித்தட்டு அதைப்போலப் பல மடங்கு. ஆகவே மாமா சிக்கனமாக ஒரு காரியம் செய்தார். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தட்டு ஒன்றை எடுத்து 'ஃபார்மட்' கொடுத்தார். அதிலிருந்தது அத்தை மகளின் மஞ்சள் நீராட்டு விழா.

பதிலுக்குக் கிடைத்தது: வேனின் டயர், நாலு பேரின் முதுகு, வானத்தில் ஒரு கை. டிஜிட்டல் ஜூம் 800 மடங்கு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. 800 மடங்கில் எல்லா மனிதரும் சதுரம் சதுரமாகத்தான் இருக்கிறார்கள். தலைவர், தொண்டர் வித்தியாசமே தெரியாது. விஜயகாந்த் சட்டமன்றத்துக்குப் போனார், அத்தை பேச்சை நிறுத்தினார். 2010-இல் கேப்டன் முதன்முதலாக இயக்கிய படத்துக்கு 'விருதகிரி' என்று எங்கள் சாமியின் பெயரையே வைத்தார். கதை ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. மாமாவும் எங்கள் கல்யாணத்துக்கு வந்து அடுத்த வீட்டுக் கல்யாணத்தை எடுத்தவர்தான் என்பதால் நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்தக் கேமராவுக்கு இன்னொரு குணம், அதிர்ச்சி ஆகாது. லேசர் ஊசிமுனையில் எழுதிக்கொண்டிருக்கும்போது உலுக்கினால் எழுத்து நின்றுவிடும். 1751-இல் ராபர்ட் கிளைவ் இந்த ஊர்ப்பக்கம் வந்துவிட்டுத் திரும்பும்போது பாளையக்காரரின் ஆட்களிடம் சிக்கி, கூட வந்த சிப்பாய்களில் பாதிக்குமேல் இழந்து, குதிரையின் கால் வேகத்தால் உயிர் தப்பினார். பிற்காலத்தில் இந்தியாவையே சுருட்டப்போகிறவர் விருத்தாசலத்தில் வாங்கிய ஓட்டம் அது. மாமா அன்று பக்கத்துக் குதிரையில் இருந்திருந்தாலும் ஒரு ஃபிரேம் தேறியிருக்காது. மாசி மகத் தேர் அன்று கூட்டம் ஒரு இடி இடித்ததற்கே கேமரா நின்றுவிட்டது. பழமலைநாதருக்கு எல்லாம் ஐந்து: ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர். ஒரு தட்டில் முப்பது நிமிஷம், ஆகவே தேருக்கு ஆறு நிமிஷம் என்று மாமா கணக்குப் போட்டிருந்தார். தேர் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு நகரவில்லை.

இதெல்லாம் சில்லறைத் துன்பம். களப்பிரர் காலத்தை இருட்டாக்கிய மூலகாரணம் 'ஃபைனலைஸ்' என்ற பட்டன்.

எடுத்து முடித்த தட்டை மற்ற பிளேயர்கள் படிக்கவேண்டுமென்றால், கடைசியில் அந்தக் கேமராவிலேயே வைத்து ஃபைனலைஸ் செய்யவேண்டும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எழுதி முத்திரை வைக்கும் வேலை. அது நடக்காதவரை கேமராவுக்கு மட்டும் தட்டு பேசும், வெளியில் ஊமை. இதை மாமா எங்களுக்கு எத்தனையோ விதமாக விளக்கினார். ஒருவருக்கும் ஏறவில்லை. புரிந்துகொண்டவர் எங்கள் தெருவில் சூளை வைத்திருந்த பெரியவர் ஒருவர்தான்.

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படிக்கவே அரசுக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃப்யூஸ் கட்டை என்று வெள்ளை மண்ணில் ஆகாதது இல்லை. பெரியவர் அரைத்த மண்குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே பிள்ளையார் நிற்பார். காயவைத்து, ஓரம் செதுக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுவார். மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒரே வரியில் முடித்தார்: "அப்ப இது இன்னம் சூளைக்குப் போவாத பச்ச மண்ணு. தண்ணி பட்டா கரைஞ்சுடும், அதானே?" அதேதான். ஃபைனலைஸ் செய்த டிவிடி-ஆர் சுட்ட பொம்மை, இனி திருத்தவும் முடியாது. ஆர்டபிள்யூ தட்டைத் திரும்பக் குழம்பாக்கலாம், அத்தை மகளின் விழாவை ஆக்கிய மாதிரி.

புரிந்த பிறகும் ஏன் செய்யவில்லை? ஒன்று, சோம்பல். கேமராவையே டிவியில் செருகிப் பார்க்கமுடிகிறது. அந்த ராத்திரியே எல்லோரும் பார்த்தாயிற்று. முத்திரையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். உலகமெங்கும் இந்தத் தட்டுகள் ஊமையாய்க் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த வசதிதான் என்பது என் கட்சி.

இன்னொன்று, கரண்ட். பாதியில் மின்சாரம் போனால் தட்டு பாழ் என்பதால், ஃபைனலைஸ் செய்யும்போது பேட்டரியை நம்பாதே, அடாப்டரைச் செருகு என்று கையேடு சொல்லியது. எழுதியவர் ஜப்பானில் இருந்தவர். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் எண்ணவேண்டியிருந்தது. இதில் எங்களுக்குத் தனி மனவருத்தம் உண்டு. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை எரித்து 1962-இலிருந்து ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற இடம். ராத்திரி மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே வானம் வெளுத்துத் தெரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் விசிறியால் விசிறிக்கொண்டு, கரண்ட் வந்தால் ஃபைனலைஸ் செய்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். வந்தால் முதலில் மிக்ஸி, பிறகு மோட்டார், பிறகு செல்போன் சார்ஜ். தட்டின் முறை வருவதற்குள் மறுபடி போய்விடும்.

முத்திரை வைத்த கொஞ்சநஞ்சத்துக்கும் வேறு விதி. அக்கா வீட்டுக்காரர் தன் காரில் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிப்போனார். தட்டு வைக்கும் தட்டம் இல்லாமல் வாயால் விழுங்கும் பிளேயர் அது. பெரிய தட்டுக்குப் பழகியது. குட்டித்தட்டை விழுங்கியது, துப்பவில்லை. பிறகு கார் விற்கப்பட்டபோது கல்யாணத்தின் பந்திப் பகுதியும் சேர்த்துத்தான் விற்கப்பட்டது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இருட்டுக்குப் பிறகு மின்சாரம் ஒருநாள் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மாமாவின் அடாப்டர் புகைந்து அடங்கியது. பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தது. ஆட்சி முடிந்தது. அதற்குள் உலகமும் மெமரி கார்டுக்கும் செல்போனுக்கும் நகர்ந்து, டிவிடி கேமரா செய்வதைக் கம்பெனிகள் ஏறக்கட்டியிருந்தன.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். இருந்தால், தகரக்கூரைச் சூட்டிலிருந்து முதலில் இறக்குங்கள். எழுதும் தட்டுகளில் இருக்கும் சாயத்துக்கு வெயிலும் வெப்பமும் ஆகாது. எடுத்த கேமரா உயிரோடு இருந்தால் அதிலேயே ஃபைனலைஸ் செய்யுங்கள். கேமரா போய்விட்டால், தட்டம் வெளியே நீளும் டிவிடி டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடுங்கள். நடுவில் இருக்கும் சின்னப் பள்ளம் இந்தக் குட்டித்தட்டுக்காக விட்டதுதான். முத்திரை வைக்காத தட்டையும் துருவிப் பார்க்க ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் உண்டு. நாங்கள் முயன்றபோது பாதித் தட்டு வாயே திறக்கவில்லை. திறந்த ஒன்றில், நிறுத்த மறந்து கையில் தொங்கவிட்ட கேமரா பிடித்த கோயில் தரையும் பலருடைய செருப்பில்லாத காலும் இருந்தன. அதில் ஒரு ஜோடிக் கால் தாத்தாவுடையது என்று ஆயா அடித்துச் சொல்கிறாள்.

காப்பி எடுத்ததும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சிவன் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்ட சுந்தரரே, அனுப்பியவர் சாமி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முன்கூட்டியே ஒரு துண்டு வெட்டி வைத்திருந்து, வந்து சேர்ந்த பொன்னோடு உரைத்து, மாற்று குறைகிறது என்று சண்டை போட்டுத்தான் வாங்கினார்.

எங்கள் விஷயத்தில் ஆயா போன மாதம் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டு வந்திருக்கிறாள். எதிர்மனுதாரர் யாரென்று எழுதுவதில் சிக்கல் வந்ததால், வேண்டியதை மட்டும் எழுதச் சொல்லிவிட்டாளாம்: கேமரா அடாப்டர் ஒன்று. உங்களிடம் பழைய எட்டு சென்டிமீட்டர் டிவிடி கேமராவின் அடாப்டர் சும்மா கிடந்தால், விருத்தாசலம் பக்கம் வரும்போது தயவுசெய்து எடுத்துவாருங்கள். பொருத்திப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மணவாளநல்லூர் போய் ராஜினாமா கொடுத்துவிடுகிறோம்.